செயலி சொல்வதை வயலில் செய்ய வைப்பது எப்படி? (சம்பா, வெண்ணாற்றுப் பாசனம்)

நீடாமங்கலம் தரவுமேசை கேட்டது:

வணக்கம். வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்காக, வரும் சம்பாவுக்கு முடிவெடுக்க உதவும் கணினி அமைப்பு ஒன்றைத் தயார் செய்கிறோம். உறுப்பினர்கள் 200 பேர். நெல் ரகம் பெரும்பாலும் சிஆர் 1009 சப் 1, கொஞ்சம் வெள்ளைப் பொன்னி. கணினிக்குள் போவது ரகம், நட்ட தேதி, வானிலை முன்னறிவிப்பு, களப்பணியாளர் இருவர் வாராவாரம் எடுக்கும் இலை வண்ண அட்டை அளவு (இலையின் பச்சையை எண்ணிட்ட பட்டைகளோடு ஒப்பிட்டு எடுப்பது), விளக்குப்பொறியில் விழும் பூச்சி எண்ணிக்கை. வெளியே வருவது மூன்று ஆலோசனை: தண்ணீர் எப்போது வைப்பது, யூரியா போடுவதா வேண்டாமா, பூச்சிமருந்து தேவையா. வாட்ஸ்அப்பிலும் குறுஞ்செய்தியிலும் அனுப்பலாம் என்று திட்டம்.

மென்பொருள் வேலை செய்கிறது. மனிதர் பக்கத்தில்தான் தெளிவு வேண்டும். ஆலோசனையை ஆளுக்கு ஆள் தனியாக அனுப்புவதா, ஊருக்குப் பொதுவாக அனுப்புவதா? காரணத்தையும் சேர்த்துச் சொல்வதா, செய்ய வேண்டியதை மட்டும் சொல்வதா? பூச்சி எச்சரிக்கையை எந்த அளவில் எழவிடுவது? களப்பணியாளர் கணினி சொல்வதை மாற்றலாம் என்று அனுமதி கொடுக்கலாமா?

கடைமடை வாய்க்கால் பதில்:

தம்பி, முதல்ல தண்ணீரை மற்ற ரெண்டுலேர்ந்தும் பிரிச்சுடுங்க. அது தனி ஆள் எடுக்கிற முடிவே இல்லை.

வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணி வைக்கிற காய்ச்சலும் பாய்ச்சலும் முறைக்கு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்ற அளவு எளிமையானதுதான். 30 செ.மீ. நீளம், 10 முதல் 15 செ.மீ. விட்டம், பக்கமெல்லாம் துளை போட்ட பிவிசி குழாய். பாதி மண்ணுக்குள்ளே. குழாய்க்குள்ளே நீர்மட்டம் தரைக்கு 15 செ.மீ. கீழே இறங்கினதும் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் வைக்கணும். பூக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாலேர்ந்து ஒரு வாரம் பின்னால வரைக்கும் காயவிடக் கூடாது. விதி இவ்வளவுதான். ஆனா தேவைப்படுற அன்னிக்குத் தண்ணீர் கையில இருக்கும்னு இந்த விதி சொல்லாமலே எடுத்துக்குது. போர் (ஆழ்துளைக் கிணறு) வச்சிருக்கிறவருக்கு அது சரி. ஆத்துத் தண்ணிய மட்டும் நம்பியிருக்கிறவர், முறை வச்சு விடுற காலத்துல, அடுத்த முறை என்னிக்கு வரும்னு தெரியாம நிக்கிற தண்ணிய எப்படிக் காயவிடுவார்? களிமண் வெடிப்பு விட்டா அடுத்த முறைத் தண்ணியில நிறைய வெடிப்பு வழியாவே கீழே இறங்கிப் போயிடும். அவர் செயலியைக் கேட்கலைன்னா பிடிவாதம் இல்லை, சரியான கணக்கு.

போர்க்காரருக்கும் ஒரு சிக்கல் இருக்கு. மின்சாரம் இலவசம். தண்ணீர் மிச்சமானா அவர் பையில ஒண்ணும் சேராது. டீசல் எஞ்சின் வச்சிருக்கிறவர்தான் உடனே கேட்பார். திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கம் போனா பல இடத்துல நிலத்தடி நீர் உப்பு. அங்க போர் இருந்தாலும் இல்லாத கணக்குதான். அதனால உறுப்பினர் படிவத்துல "போர் உண்டா" என்கிறதோட "தண்ணீர் நல்லதா உப்பா", "மின்மோட்டாரா டீசலா" ரெண்டையும் கேளுங்க. இந்த மூணு விடை இல்லாம தண்ணீர் ஆலோசனை அனுப்பவே வேண்டாம்.

அடுத்தது வயலுக்கு வயல் பாயுற இடம். ஒரு மடையிலேர்ந்து (வாய்க்கால்லேர்ந்து வயலுக்குத் தண்ணி திறக்கிற வாய்) எட்டு, பத்து வயல் வரிசையா பாயும். மூணாவது வயல்காரருக்கு "இன்னிக்கு வைக்காதீங்க"ன்னு செய்தி போனா, நாலாவது வயலுக்குத் தண்ணி எப்படிப் போகும்? அங்க முடிவு எடுக்கிறது மடை. உறுப்பினர் பட்டியலை ஊர்வாரியா வைக்காம மடைவாரியா அடுக்குங்க. ஒரு மடைக்கு ரெண்டு குழாய் போதும், மேட்டு வயல்ல ஒண்ணு, தாழ்வு வயல்ல ஒண்ணு. செய்தி மடைக்குழுவுக்குப் போகட்டும். அடுத்த முறை எந்தத் தேதின்னு லஸ்கர்கிட்ட (தண்ணீர் திறந்து விடுற பாசனப் பணியாளர்) கேட்டு உள்ளிட ஒரு ஆளை வையுங்க. தேதி தெரியலைன்னா காயவிடச் சொல்ற செய்தி தானா நின்னுபோகணும்.

ஐப்பசி, கார்த்திகையில பிரச்சினையே தலைகீழ். அப்போ தண்ணி வைக்கிறது இல்லை, வடிக்கிறதுதான் கவலை. மேல்வயல்காரருக்கு மட்டும் "வரப்பைத் திறந்து வடியுங்கள்"னு அனுப்பினா, அந்தத் தண்ணி கீழ்வயல்ல போய் நிக்கும், சண்டை வரும். வடிகால் செய்தி ஒரே நேரத்துல அந்த வடிகால்ல இருக்கிற எல்லாருக்கும் போகணும். எந்த வயல் முதல்ல திறக்கணும்கிற வரிசை கீழேர்ந்து மேலே இருக்கணும்.

இலைவண்ணம் பதில்:

யூரியா பற்றி மட்டும் எழுதுகிறேன். இங்கே தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில், தேதியிலும் அளவிலும்.

"நட்ட தேதி" என்று கேட்டால் பலர் நாற்று விட்ட தேதியைச் சொல்வார்கள். நீண்டகால ரகத்துக்கு நாற்றின் வயது 30 முதல் 35 நாள். அந்த ஒரு புலம் மாறினால் பருவம் முழுவதும் எல்லா ஆலோசனையும் ஒரு மாதம் தள்ளிப்போகும், கணினியும் அதைக் கண்டுபிடிக்காது. எனவே மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்: நாற்று விட்டது எப்போது, நட்டது எப்போது, அல்லது நேரடி விதைப்பா. இரண்டு தேதிக்கும் இடைவெளி 15 நாளுக்குக் குறைவாகவோ 45 நாளுக்கு மேலாகவோ வந்தால் திரும்பக் கேட்க வேண்டும். "ஆவணி 20" என்று சொன்னால் அப்படியே ஏற்கும்படி படிவம் இருக்கட்டும். அதை செப்டம்பர் 5 என்று மாற்றிக்கொள்வது கணினியின் வேலை. உழவர் மனக்கணக்குப் போட்டுச் சொல்லும்போதுதான் பிழை நுழைகிறது.

இலை வண்ண அட்டைக்கு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை: நட்ட 14ஆம் நாளிலிருந்து, நேரடி விதைப்பானால் விதைத்த 21ஆம் நாளிலிருந்து, 7 நாளுக்கு ஒருமுறை, கதிர் வெளிவரும் வரை. காலை 8 முதல் 10 மணிக்குள், மேலிருந்து மூன்றாவது முழுதாக விரிந்த இலையில், 10 இடத்தில் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு எல்லை 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு அதற்குக் கீழே இருந்தால், சம்பாவில் எக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்). வெயில் நேராக இலையில் படக் கூடாது, உடல் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வயலுக்குப் பருவம் முழுக்க ஒரே ஆள் பார்ப்பது நல்லது, கண்ணுக்குக் கண் வண்ணம் மாறும்.

இனி அளவு. எக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து என்றால் யூரியா 65 கிலோ, ஏக்கருக்கு 26 கிலோ. இப்படி அனுப்பினால் நிச்சயம் ஏக்கருக்கு ஒரு மூட்டை விழும். ஏனென்றால் கையில் இருப்பது 45 கிலோ மூட்டை. மனதில் இருப்பது மா. 100 குழி ஒரு மா, அதாவது 33 சென்ட், மாவுக்கு சுமார் 8.7 கிலோ. "ஐந்து மாவுக்கு ஒரு மூட்டை" என்று சொல்லுங்கள், கணக்கு ஏறத்தாழ அப்படியே பொருந்துகிறது. கிலோ, எக்டேர் எல்லாம் கணினிக்குள்ளேயே இருக்கட்டும்.

இன்னொன்று. "ஒரு வாரம் பொறுங்கள்" என்ற செய்தி பலிக்காததற்குக் காரணம் அவநம்பிக்கை மட்டுமல்ல. கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா வந்த அன்று வாங்காவிட்டால் அடுத்த லோடு எப்போது என்று தெரியாது. வாங்கிய மூட்டையைத் திறந்துவிட்டால் ஈரம் ஏறிக் கட்டியாகும், அதனால் அன்றே வீசிவிடுகிறார்கள். எனவே செய்தி இரண்டாகப் பிரிய வேண்டும்: "இப்போது வாங்கி வையுங்கள், மூட்டையைப் பிரிக்காமல் பலகை மேல் வையுங்கள், போடும் நாளை அடுத்த செவ்வாய் சொல்கிறோம்."

அரசலாற்றங்கரை பதில்:

உங்கள் பட்டியலில் உள்ள கைபேசி எண் யாருடையது என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பட்டாக்காரர் பெயரில் பதிவு, சாகுபடி செய்வது வாய்மொழிக் குத்தகைக்காரர். எண் சென்னையில் வேலை பார்க்கும் மகனுடையது, வயலைப் பார்ப்பது அம்மா. கோயில் நிலமானால் இன்னும் சிக்கல். "இந்த வயலில் தினமும் கால் வைப்பவர் யார்" என்று கேட்டு அந்த எண்ணை முதல் எண்ணாக வையுங்கள். குத்தகைக்காரர் தன் பெயர் பதிவாவதற்குத் தயங்கினால் பெயரே வேண்டாம், எண்ணும் மடையும் போதும். அந்தப் பட்டியலை நில உரிமையாளரிடமோ வேறு யாரிடமோ காட்டமாட்டோம் என்று முதலிலேயே சொல்லி, அப்படியே நடக்க வேண்டும்.

நீடாமங்கலம் தரவுமேசை:

மிக்க நன்றி ஐயா, எல்லோருக்கும். மடைவாரிப் பட்டியல் எங்கள் திட்டத்தில் இல்லவே இல்லை, சேர்த்துவிடுகிறேன். பூச்சி எச்சரிக்கைக்கு வருகிறேன். தவறவிடக் கூடாது என்பதற்காக எல்லையைக் குறைத்து, நிறைய எச்சரிக்கை வரும்படி வைக்கலாமா? "வந்து பார்த்து ஒன்றும் இல்லையென்றால் நல்லதுதானே" என்று நிறுவனத்தில் சொல்கிறார்கள்.

தூர்க்கட்டு பதில்:

வைக்காதீர்கள். எண்ணிப் பார்ப்போம். 200 வயலில் ஒரு வாரத்தில் 10 வயலில் உண்மையாகவே புகையான் (நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சி) ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினி நல்ல கணினி, அந்தப் பத்தில் ஒன்பதைப் பிடித்துவிடும். மீதி 190 வயலில் பத்தில் ஒன்றுக்குத்தான் தவறாக எச்சரிக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தவறான எச்சரிக்கை 19, சரியானது 9. செய்தி பெற்ற 28 பேரில் 19 பேர் வயலில் ஒன்றும் இல்லை. எல்லையை இன்னும் தளர்த்தினால் 19 என்பது 40 ஆகும், 9 என்பது 10 ஆகும். மூன்று வாரத்தில் எவரும் செய்தியைத் திறக்கமாட்டார்கள். மனிதர் தப்பாகச் சொன்னால் பொறுத்துக்கொள்வோம், அதே தப்பைக் கணினி செய்து கண்ணால் பார்த்துவிட்டால் சீக்கிரம் கைவிடுவோம். இது 2015இல் வெளிவந்த டீட்வார்ஸ்ட், சிமன்ஸ், மாஸி ஆய்வில் தெளிவாகக் காட்டப்பட்டது.

தவறான எச்சரிக்கையால் நஷ்டமில்லை என்பதும் சரியல்ல. புகையானுக்குப் பயந்து செயற்கை பைரித்ராய்டு வகை மருந்தை அடித்தால் சிலந்தியும் மற்ற இரைவிழுங்கிகளும் முதலில் சாகும், புகையான் பின்னால் பெருகி வரும். எச்சரிக்கையே நோயை உண்டாக்கும் நிலை அது.

அதனால் எச்சரிக்கையை இரண்டு படியாக்குங்கள். முதல் செய்தியில் மருந்து என்ற சொல்லே வரக் கூடாது. "நாளைக் காலை வயலில் இறங்கித் தூரைத் தட்டி எண்ணுங்கள்" என்பது மட்டும். அதற்கு ஆகும் செலவு அரைமணி நேரம், தப்பானாலும் கோபம் வராது. விளக்குப்பொறியில் விழுந்தது அந்தப் பகுதிக்குப் பறந்து வந்ததைச் சொல்லுமே தவிர, எந்த வயலில் இறங்கியது என்று சொல்லாது. அதை வைத்து நேராக மருந்து சொல்வது தவறு. எண்ணிக்கை வந்தபின் இரண்டாம் படி: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு (ஒரு தண்டுக்கு) ஒரு புகையான், குத்துக்கு (ஒரே இடத்தில் நட்ட தூர்களின் கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு. அதற்கு மேல் போனால்தான் மருந்து. இலைச்சுருட்டுப்புழுவுக்குப் பயிர் வளரும் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம், பூக்கும் பருவத்தில் கொடி இலையில் (கதிரை ஒட்டிய கடைசி இலை) 5 சதவீதம்.

இத்தனைக்கும் பிறகும் மருந்து அடிப்பார்கள். காரணம் பயம். மருந்து அடிப்பது ஊருக்குத் தெரியும், அடிக்காமல் விடுவது யாருக்கும் தெரியாது. அடித்தும் பயிர் போனால் "விதி" என்பார்கள், அடிக்காமல் போனால் "பார்த்துக்கொண்டே விட்டுவிட்டான்" என்பார்கள். அந்தப் பழியை ஓர் ஆள் தனியாகச் சுமக்கவிட்டால் எந்த எல்லைக் கணக்கும் நிற்காது. "வேண்டாம்" என்ற முடிவைத் தேதியோடும் துணையோடும் கொடுங்கள்: "இன்று உங்கள் மடையில் ஆறு வயல் எண்ணினோம், எல்லையைத் தாண்டவில்லை. வியாழக்கிழமை மறுபடி எண்ணுகிறோம், நீங்களும் வாருங்கள்." வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கைவிட்ட மாதிரி இருக்கும்.

உரக்கடையையும் வெளியே நிறுத்தாதீர்கள். அறுவடைக்குப் பின் கணக்குத் தீர்க்கும்படி கடனுக்கு வாங்குபவர், கடைக்காரர் எடுத்து வைக்கும் மருந்தை வேண்டாம் என்று சொல்வது கடினம். வாரத்தின் எண்ணிக்கையையும் எல்லையையும் கடைக்காரருக்கும் அனுப்புங்கள். ஒரே எண்ணை இருவரும் பார்த்திருந்தால் உழவருக்குப் பேச ஒரு பிடி கிடைக்கும்.

கடைமடை வாய்க்கால்:

காரணம் சொல்றதைப் பத்தி. ரொம்பக் காரணம் சொன்னா யாரும் கேட்கமாட்டாங்க. 40 வினாடிக் குரல்செய்தி, என்ன செய்யணும், என்னிக்கு, அவ்வளவுதான். வேலைக்கு ஆள் சொல்லி வைக்கிறது முதல்நாள் சாயங்காலம். செய்தி 5 மணிக்குள்ள போகலைன்னா மறுநாள் வேலைக்கு உதவாது.

இலைவண்ணம்:

நேரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. காரணத்தில் உடன்பட முடியவில்லை அண்ணே. காரணம் தெரிந்தால்தான் அது தன் வயலுக்குப் பொருந்தாத நாளை உழவர் அடையாளம் காண்பார். "மழை வருவதால் யூரியா வேண்டாம்" என்றால், மழை வராமல் போன நாளில் அவரே முடிவை மாற்றிக்கொள்ளலாம். "யூரியா வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் அடுத்த செய்தி வரும்வரை காத்திருப்பார், அல்லது மொத்தமாகச் செயலியை விட்டுவிடுவார். ஒரே ஒரு காரணம், ஒரே வாக்கியம். அதற்கு 40 வினாடியில் இடம் உண்டு.

மழையைச் சொல்லும் விதத்திலும் கவனம். "60 சதவீத வாய்ப்பு" என்பதைச் சிலர் நாளில் 60 சதவீத நேரம் பெய்யும் என்றும், சிலர் நிலத்தில் 60 சதவீதத்தில் பெய்யும் என்றும் எடுத்துக்கொள்வார்கள். "இப்படி இருக்கும் பத்து நாளில் ஆறு நாள் பெய்யும்" என்றால் குழப்பம் குறையும். வானிலைத் துறை "கனமழை" என்று சொன்னால் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் என்று பொருள். மாவட்டத்தில் சில இடங்களில் என்ற குறிப்பும் கூட இருக்கும். அந்தக் குறிப்பை வெட்டிவிட்டு உங்கள் ஊர்ப்பெயரைச் சேர்த்து அனுப்பினால் பொய் சொன்னவர் நீங்கள்தான் ஆவீர்கள்.

இடைமுகம் பதில்:

களப்பணியாளர் கேள்விக்கு யாரும் வரவில்லை, எழுதுகிறேன். மாற்ற அனுமதி கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு திருத்தம் திரையில் வேண்டும்.

பணியாளர் அட்டையைப் பார்க்கும் திரையில் கணினியின் ஊகம் முன்கூட்டியே தெரிகிறதா? தெரிந்தால் எடுத்துவிடுங்கள். "எதிர்பார்ப்பு: 3.5" என்று எழுதியிருந்தால் கண் 3.5ஐயே தேடும். இலை நிறம் இரண்டு பட்டைக்கு நடுவே இருக்கும்போது கை கணினி பக்கம் சாயும். பத்து அளவும் பதிவான பிறகே ஊகம் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் கணினி தன் ஊகத்தையே திரும்ப அளவாக வாங்கித் தன்னைத் தானே சரிபார்த்துக்கொண்டிருக்கும். 1997இல் ராஜா பரசுராமனும் விக்டர் ரைலியும் தானியங்கிகளை மனிதர் கையாளும் விதத்தைப் பிரித்தபோது, அளவுக்கு மீறி நம்புவதையும் அடியோடு கைவிடுவதையும் தனித்தனி நோயாகக் காட்டினார்கள். உங்கள் இடத்தில் இரண்டும் ஒரே சமயம் இருக்கும்: பணியாளர் அதிகம் நம்புவார், உழவர் கைவிடுவார்.

மாற்றினால் காரணம் கேளுங்கள். எழுதச் சொன்னால் யாரும் எழுதமாட்டார்கள். ஐந்து பொத்தான் போதும்: தண்ணீர் வரவில்லை, ஆள் கிடைக்கவில்லை, உரமோ பணமோ இல்லை, வயலில் நிலைமை வேறு, ஆலோசனை சரியென்று படவில்லை. முதல் மூன்றும் திட்டத்தின் குறை, கணினியின் குறையல்ல. நான்காவது அதிகம் வந்தால் தேதி, ரகப் பதிவைச் சோதியுங்கள். ஐந்தாவது வந்தால் நேரில் போய்ப் பேசுங்கள்.

உழவருக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். யூரியாவை மாவுக்கு ஒரு கிலோ கூட்டவோ குறைக்கவோ, நாளை இரண்டு நாள் தள்ளவோ அவரே மாற்றிப் பதிவு செய்யலாம் என்று வையுங்கள். சிறிதளவாவது மாற்ற முடிந்தால் மனிதர் கணினியின் யோசனையை அதிகம் ஏற்கிறார்கள் என்பதும் அதே டீட்வார்ஸ்ட் குழு பின்னர் கண்டது.

"ஆலோசனையை ஏற்றவர் எத்தனை சதவீதம்" என்பதைப் பணியாளரின் இலக்காக மட்டும் வைத்துவிடாதீர்கள். வைத்த மாதமே எண்ணிக்கை உயரும், வயல் மாறாது. பத்து அளவும் ஒரே எண்ணாக வருவது, காலை 10 மணிக்குப் பின் பதிவாவது, பத்து அளவும் இரண்டு நிமிடத்தில் முடிவது, இந்த மூன்றும் வயலுக்குப் போகாமல் நிரப்பியதன் அடையாளம். தண்டிக்கும் முன் ஒருவருக்கு எத்தனை வயல் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். காலை 8 முதல் 10 வரை இரண்டு மணி நேரம்தான். வயலுக்கு 15 நிமிடம், போக வர 5 நிமிடம் என்றால் நாளுக்கு 6 வயல், வாரம் ஆறு நாளில் 36. இருவர் சேர்ந்து 72. நீங்கள் 200 வயலுக்கு வாராவாரம் கேட்கிறீர்கள். பொய் எண்ணை உங்கள் அட்டவணையே உண்டாக்குகிறது.

நீடாமங்கலம் தரவுமேசை:

அந்தக் கணக்கை நாங்கள் போடவே இல்லை. மடைக்கு இரண்டு மாதிரி வயல் என்று குறைத்து, மற்ற வயல்காரர்களுக்கு அட்டையைக் கையில் கொடுத்துப் பழக்கலாம் என்று நினைக்கிறேன். கடைசியாக ஒன்று. ஆலோசனைப்படி செய்து நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு? "இது ஆலோசனை மட்டுமே" என்று செய்தியின் கீழே போட்டால் போதுமா?

இடைமுகம்:

போதாது. அந்த வரியைப் போட்டால் "இவர்களுக்கே நம்பிக்கை இல்லை" என்றுதான் படிப்பார்கள். 1970களில் ஸ்டான்ஃபோர்டில் ரத்தத் தொற்றுக்கு மருந்து சொல்லும் மைசின் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். சோதனையில் நிபுணர்களுக்கு இணையாகச் சொன்னது. ஆனாலும் நோயாளிகளின் சிகிச்சையில் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவே இல்லை. தகவல் உள்ளிட ஆகும் நேரமும், தப்பினால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் அதற்கான தடைகளில் முக்கியமானவை.

நீங்கள் செய்யக்கூடியது: ஒவ்வொரு செய்தியிலும் எந்தத் தேதியில் எந்த வயலில் எடுத்த அளவு என்பது இருக்கட்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண் இருக்கட்டும், அந்த எண்ணை எடுப்பவர் முடிவை மாற்றும் அதிகாரம் உள்ளவராக இருக்கட்டும். தப்பாகிப்போன ஆலோசனையை மறைக்காமல் அடுத்த வாரச் செய்தியில் முதலில் சொல்லுங்கள்: "சென்ற வாரம் மழை என்றோம், பெய்யவில்லை. யூரியாவை நிறுத்தியவர்கள் நாளை போடலாம்."

கடைமடை வாய்க்கால்:

ஒண்ணு விட்டுப்போச்சு. 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்போ கம்பமும் கோபுரமும் சாய்ஞ்சு கிடந்துச்சு. செயலி தேவைப்பட்ட அந்த நாள்ல செயலி இருந்தாலும் வேலை செஞ்சிருக்காது. வெள்ளம், புயல் நாளுக்கான வடிகால் வரிசையை ஐப்பசி பிறக்கிறதுக்கு முன்னாலேயே மடைக்கு ஒரு தாளா அச்சடிச்சு, மடையில மூணு வீட்டுல கொடுத்து வையுங்க. சங்கத்துக் கரும்பலகையிலயும் எழுதிப் போடுங்க. தாளை பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டுக் கொடுங்க, நனைஞ்சா படிக்க முடியாது.